பச்சைக்கு ரெண்டு முடிச்சு

மே 4

மேஸ்திரியம்மா சமூகத்துக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கிறது. நான் மூணாங்கிளாஸைத் தாண்டாதவன். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்து உன் தங்கச்சி சிரிச்சா சிரிக்கட்டும், கால் உடைஞ்சு படுத்திருக்கிறவளுக்கு வேற என்ன பொழுதுபோக்கு. கொழுந்தியாவுக்கு மாவுக்கட்டு ஒழுங்கா போட்டிருக்காங்களா? என்னைக் கூப்பிட்டிருந்தா பட்டி வெச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கன்னம் மாதிரி வழுவழுன்னு ஆக்கிக் கொடுத்திருப்பேன்.

நீ போய் ஒன்பது நாள் ஆச்சு. போன் பண்ணினா சகலைதான் எடுக்கிறார். "அக்கா குளிக்கிறாங்க"ங்கிறார். காலைல கேட்டா குளிக்கிற, மத்தியானம் கேட்டா குளிக்கிற, சாயங்காலமும் குளிக்கிற. அந்த ஊர்ல தண்ணி மிச்சம் இருக்கா இல்லையா? அதான் பேனாவை எடுத்தேன்.

கோபம் எதுக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கேன்னு நினைக்காதே. அன்னிக்கு தையற்காரம்மா மாடி ரூமைக் காட்டக் கூட்டிட்டுப் போனப்ப, "உங்க வீட்டம்மாவும் பெயிண்டரா?"ன்னு கேட்டாங்க. நான், "அதெல்லாம் இல்லம்மா, இவ டப்பா கலக்குற ஆள்தான், வேலை முழுக்க என் கை"ன்னு சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதுடி. அந்தம்மாகூட சிரிச்சாங்க. நீ மட்டும் சிரிக்கலை. மறுநாளே தங்கச்சி கால் உடைஞ்சது உனக்கு வசதியாப் போச்சு.

சரி, வேலைச் சமாச்சாரம். மாடியில மூணு ரூம். அந்தம்மாவோட வீட்டுக்காரர் மூணு மாசமா ஆஸ்பத்திரியில கிடக்கிறாரே, ஜூன் பதினஞ்சுக்கு வீட்டுக்கு விடுறாங்களாம். அதுக்கப்புறமும் ரொம்ப நாள் படுத்தே இருக்கணுமாம். "படுத்துக்கிட்டுப் பார்க்கிற சுவர், கண்ணுக்கு இதமா இருக்கணும்"னு சொல்லிட்டாங்க. வெள்ளரிக்காயை நறுக்கினா தோலுக்கு உள்பக்கம் ஒரு மஞ்சள் கலந்த பச்சை இருக்குமில்ல, அது வேணுமாம். அதே கலர்ல துணி எடுத்து திரை, மெத்தை உறை எல்லாம் தைச்சு முடிச்சுட்டாங்க. ஆக சுவர்தான் துணிக்குச் சரியா வரணும். வெள்ளையில மஞ்சள் ட்யூப் கொஞ்சம், பச்சை ட்யூப் அதைவிடக் கொஞ்சம். இது ஒரு பெரிய வித்தையா?

இன்னொரு சந்தோஷமான சேதி. உன் கலர் ட்யூப் பெட்டியைச் சுத்தம் பண்ணிட்டேன். ஒவ்வொரு ட்யூப் கழுத்துலயும் நூலைக் கட்டி, ஒண்ணுக்கு ஒரு முடிச்சு, ஒண்ணுக்கு ரெண்டுன்னு வெச்சிருந்தியே. "ஒத்தை முடிச்சை எடுங்க, ரெண்டு முடிச்சை எடுங்க"ன்னு ஊர் சிரிக்கிற மாதிரி கூவுவியே. எல்லாத்தையும் அறுத்து எறிஞ்சாச்சு. இப்ப பெட்டி பார்க்க லட்சணமா இருக்கு.

சீக்கிரம் குளிச்சு முடி.

இப்படிக்கு,
வேலை முழுக்க என் கை

*

மே 8

வீட்டுக்காரருக்கு,

தங்கச்சி கால் பரவாயில்லை. இன்னும் நாலு வாரம் கட்டு இருக்கணும்.

போன் பண்ணாதீங்க. நான் குளிக்கலை, பக்கத்துலதான் நிக்கிறேன். உங்க குரலைக் கேட்டா நீங்க ஏதாவது சொல்லி நான் சிரிச்சுத் தொலைப்பேன். இருபத்திரெண்டு வருஷமா அப்படியே என் கோபமெல்லாம் வீணாப் போயிருக்கு. இந்தத் தடவை வீணாக்க மாட்டேன். சொல்ல வேண்டியதை எழுதுங்க.

நூலையெல்லாம் அறுத்துட்டீங்களா? எல்லாத்தையுமா? ஒண்ணுல கூடவா மிச்சமில்லை?

நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாம கேளுங்க. நீங்க கலக்காதீங்க. அந்தத் துணியில ஒரு துண்டு வாங்கிட்டு நேரா பெயிண்ட் கடைக்குப் போங்க. கடைக்காரர் சொட்டைகிட்ட கொடுத்தா மெஷின்ல வெச்சு அதே கலர்ல கலக்கிக் கொடுத்துடுவார். நீங்க ரோலர் மட்டும் போடுங்க. ஏன்னு கேக்காதீங்க. ஒரு தடவையாவது நான் சொல்றதை ஏன்னு கேக்காம செய்யுங்க.

இங்க தங்கச்சி வீட்டுப் பின்ரூம் அழுக்கா இருந்துச்சு. நானே கலர் கலக்கி நானே அடிச்சுட்டிருக்கேன். அதே வெள்ளரிப்பச்சைதான். மாடியில அந்தத் துணியைப் பார்த்ததுல இருந்து அது கண்ணுலயே நிக்குது. கலக்குறவளுக்கு அடிக்கவும் தெரியும்னு உங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்.

டப்பா கலக்குற ஆள்

*

மே 13

அடியே மேஸ்திரி,

மெஷினா? சொட்டைகிட்டயா? நான் போய் அவன் முன்னாடி துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா? "என்ன அண்ணே, அண்ணி இல்லேன்னா கை ஓடலையா"ன்னு அந்த மண்டை பளபளக்கச் சிரிப்பான். அது நடக்காது.

நானே கலந்தேன். முதல் ரூம் முடிஞ்சுது. அந்தம்மாகிட்ட துணி ஒரு துண்டு வெட்டி வாங்கி இதோட வெச்சிருக்கேன். பக்கத்துலயே ஒரு காகிதத்துல நான் கலந்த பெயிண்டைத் தடவிக் காய வெச்சு அனுப்பியிருக்கேன். ரெண்டையும் ஒட்டி வெச்சுப் பாரு. எது துணி, எது காகிதம்னு தொட்டுப் பார்த்துத்தான் சொல்லணும். அவ்வளவு சுத்தம். பார்த்துட்டு ஒரு வார்த்தை நல்லதா எழுது, உனக்கு விரல் ஒண்ணும் தேய்ஞ்சு போகாது.

ஆனா ஒண்ணு புரியலை. அந்தம்மா மேல வந்தாங்க. கதவுகிட்டயே நின்னாங்க. நான் சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நினைச்சேன். அப்புறம், "இது முதல்ல அடிக்கிறதா? இதுக்கு மேல அந்தக் கலர் வருமா?"ன்னு கேட்டாங்க. "இதுதாம்மா அந்தக் கலர்"னேன். "ஓ"ன்னாங்க. அவ்வளவுதான். "ஓ"ன்னா என்னடி அர்த்தம்? நல்லா இருக்குன்னு ஓவா, இல்லேன்னு ஓவா?

ஒருவேளை ஈரத்துல கலர் வேற மாதிரி தெரிஞ்சிருக்கும். ஜன்னலுக்கு எதிர்ல செங்கல் சுவர் வேற இருக்கு, அதோட வெளிச்சம் உள்ள விழுது. அதனால நாளைக்கு இன்னும் கொஞ்சம் பச்சையைக் கூட்டி ரெண்டாவது கோட் போடப்போறேன்.

நீ என்னமோ பின்ரூமுக்கு அடிக்கிறியாமே. சகலை ஒண்ணும் சொல்லலையா? அவர் வாயில்லாப் பூச்சி. அவர்கிட்ட கருத்து கேக்காதே.

வேலை முழுக்க என் கை

*

மே 17

ஏங்க,

கவர் வந்தது. துணியையும் காகிதத்தையும் எடுத்து மடியில வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்கார்ந்திருந்தேன். தங்கச்சி எட்டிப் பார்த்து, "இது எதுக்குக்கா, ரெண்டு வேற வேற வீட்டு வேலையா?"ன்னு கேட்டா. அவ வாயை மூடச் சொல்லிட்டேன்.

ரெண்டாவது கோட் போடாதீங்க. இந்தக் கடிதம் வரும்போது போட்டிருந்தா அதோட நிறுத்துங்க. ரெண்டாவது ரூமைத் தொடாதீங்க. பச்சையைக் கூட்டாதீங்க. நீங்க பச்சைன்னு எடுக்கிற ட்யூபைத் தனியா எடுத்து வெச்சுட்டு அதைத் தொடாம இருங்க.

ஏன்னு கேப்பீங்க. எழுதத்தான் உக்கார்ந்தேன். மூணு தாளைக் கிழிச்சுட்டேன். ஒண்ணுல ரொம்பக் கடுமையா வந்துடுச்சு, ஒண்ணுல ரொம்பக் கெஞ்சற மாதிரி. இன்னொண்ணுல என்ன எழுதினேன்னு எனக்கே புரியலை. நாலாவது தாள் இது, இதுலயும் எழுத வரலை.

சொட்டைகிட்ட போங்க. சிரிச்சா சிரிக்கட்டும்.

சாப்பிடறீங்களா? வெறும் ரொட்டியும் டீயுமா ஓட்டாதீங்க.

*

மே 20

மேஸ்திரி,

பேர்கூடப் போடாம கடிதம் அனுப்பியிருக்க. டப்பா கலக்குற ஆள்னு கூடப் போடலை. அதைப் பார்த்ததும்தான் கவருக்குள்ள வேற தாள் இருக்கான்னு உதறிப் பார்த்தேன்.

உன் கடிதம் வர்றதுக்குள்ள ரெண்டாவது கோட் போட்டாச்சு. ரெண்டாவது ரூமும் முடிஞ்சாச்சு. என்ன பண்றது, எனக்குக் கை சும்மா இருக்காது.

இங்க என்ன நடக்குதுன்னே விளங்கலைடி. நேத்து தையற்காரம்மா ஒரு திரையைக் கொண்டு வந்து ஜன்னல்ல மாட்டினாங்க. என்னையும் சுவரையும் திரையையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "தெரியுதா?"ன்னாங்க. "தெரியுதும்மா, பொருத்தமா இருக்கு"ன்னேன். அந்தம்மாவுக்கு அழுகை வந்துடுச்சு. "அவர் வர்ற நேரத்துல என்னை வெச்சு விளையாடாதீங்க"ன்னு சொல்லிட்டுக் கீழ போயிட்டாங்க. நான் எங்கடி விளையாடினேன்? ஊரையே கேலி பண்றவன்தான், ஒத்துக்கிறேன். சுவர் விஷயத்துல ஒரு நாளாவது விளையாடியிருக்கேனா?

டீக்கடைக்காரரைக் கையோட மாடிக்கு இழுத்துட்டுப் போனேன். "என்ன கலருய்யா இது?"ன்னேன். "ரோஜா மாதிரி இருக்கு"ங்கிறார். கீழ்வீட்டு டிரைவரைக் கேட்டேன். "பழுத்த பப்பாளியில பால் ஊத்தின மாதிரி"ங்கிறான். தபால்காரர் உன் கடிதத்தோட வந்தார், அவரையும் விடலை. "ஆரஞ்சுங்க, வெளிர் ஆரஞ்சு"ன்னு சொல்லிட்டு, நான் மறுபடி கேக்கறதுக்குள்ள படியிறங்கிட்டார். மூணு பேர் மூணு விதமா சொல்றாங்க, ஒருத்தன் வாயிலயும் பச்சைன்னு வரலை. இவங்க எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு என் காலை வாரறாங்கன்னு முதல்ல நினைச்சேன். நான் இத்தனை வருஷம் பண்ணின கேலிக்கெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறாங்கன்னு. ஆனா தையற்காரம்மா அழுதது நடிப்பு இல்லை.

சுவரையே பார்த்துக்கிட்டு நின்னேன். எனக்கு அந்தத் துணியும் சுவரும் ஒண்ணாத்தான் தெரியுது. இப்பவும் தெரியுது. கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பார்த்தாலும் ஒண்ணுதான்.

நீ சொல்லு. வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். நான் அனுப்பின காகிதம் பச்சையா இல்லையா?

*

மே 24

ஏங்க,

இல்லை.

துணி பச்சை. காகிதம் வெளிர் ஆரஞ்சு. டீக்கடைக்காரர், டிரைவர், தபால்காரர் மூணு பேரும் சொன்னது ஒரே கலரைத்தான். அவங்கவங்க வாய்க்கு வந்தபடி சொல்லியிருக்காங்க.

உங்களுக்குச் சில கலர் பிரியாது. ஆரஞ்சும் பச்சையும் உங்க கண்ணுக்கு ஒண்ணு. வெளிறிப் போனா சுத்தமா ஒண்ணு. இது வியாதி இல்லை, பிறவியிலயே சில பேருக்கு அப்படித்தானாம். எனக்கு இது தெரிஞ்சு இருபத்திரெண்டு வருஷம் ஆகுது.

கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க வெறும் வெள்ளை அடிக்கிற வேலைதான் பார்த்தீங்க. கல்யாணமாகி நாலாம் மாசம் சலூன்காரர் கடை உள்சுவருக்குப் பச்சை அடிக்கச் சொன்னார். அதுதான் உங்க முதல் கலர் வேலை. மத்தியானம் உங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டு வந்தேன். உள்ள நுழைஞ்சா நாலு சுவரும் ஆரஞ்சு. சலூன்காரர் அன்னிக்கு வெளியூர் போயிருந்தார், நல்ல வேளை. நான் கத்த வாயைத் திறந்தேன். நீங்க சுவரைத் தடவிப் பார்த்துட்டுத் திரும்பி, "இனிமே நான் சுண்ணாம்பு அடிக்கிறவன் இல்லடி, கலர் பெயிண்டர்"னு சொன்னீங்க. முகம் முழுக்கப் பல்லு. எனக்குத் திறந்த வாய் மூடிக்கிச்சு.

"முதல் கோட் நல்லா பிடிச்சிருக்கு, இதுக்கு மேல இதை அடிங்க"ன்னு நானே ஒரு டப்பா கலந்து கொடுத்தேன். ஞாபகம் இருக்கா? "என் பெண்டாட்டி முதல் நாளே ஒரு கோட்டை வீணாக்கினா"ன்னு இன்னிக்கு வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பீங்களே, அந்த நாள்தான். மறுநாள்ல இருந்து நானும் வேலைக்கு வந்துட்டேன். வீட்டுல போரடிக்குதுன்னு சொன்னேன்.

நான் இல்லாதப்ப நீங்க தப்பா எடுத்துடக் கூடாதுன்னுதான் நூல். மஞ்சளுக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு ரெண்டு, ஆரஞ்சுக்கு முடிச்சே இல்லாத வெறும் நூல். பெயிண்ட் வழிஞ்சு ட்யூப் மேல எழுத்தெல்லாம் அழிஞ்சு போனாலும் முடிச்சு விரல்ல படும். நீங்க அறுத்து எறிஞ்சது அதை.

சொல்லியிருக்கணும். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் சொல்றதுக்கு நாளாகிடுச்சு. இவ்வளவு நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பீங்களேன்னு பயம் வந்துடுச்சு. அந்தம்மா முன்னாடி நீங்க அப்படிச் சொன்னப்ப, ஒரு நிமிஷம் எல்லாத்தையும் போட்டு உடைச்சிடலாம்னு தோணிச்சு. உடைச்சிடுவேனோன்னு பயந்துதான் மறுநாள் பஸ் ஏறினேன். தங்கச்சி கால் ஒரு சாக்குதான்.

*

மே 29

உன் கடிதம் வந்து மூணு நாள் ஆச்சு.

கேலியா ஏதாவது எழுதலாம்னு உக்கார்ந்தேன், வரலை.

நேத்து தக்காளி வாங்கப் போனேன். எப்பவும் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன், காய் எது பழம் எதுன்னு. எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்கன்னு நினைச்சிருந்தேன். நேத்து நின்னு பார்த்தேன். ஒரு சின்னப் பொண்ணு வந்தா, தொடவே இல்லை. பார்த்துப் பார்த்துப் பழமா எடுத்துக் கூடையில போட்டுட்டுப் போயிட்டா. நான் ஒரு தக்காளியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டே இருந்தேன். கடைக்காரன், "அண்ணே, வாங்கறீங்களா, இல்ல தாலாட்டறீங்களா?"ன்னு கேட்டான். வழக்கமா இந்த மாதிரி கேள்வியை நான்தான் கேப்பேன்.

எனக்குப் பச்சைன்னு ஒண்ணு தெரியுது. இலையில தெரியுது. அது நீங்கள்லாம் பார்க்கிற பச்சையா, இல்ல வேற ஏதாவதா? யாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறது? கேட்டாலும் அவங்க சொல்றது எனக்கு எப்படிப் புரியும்? யோசிச்சா தலை சுத்துது. அடிச்ச வீட்டையெல்லாம் ஒவ்வொண்ணா நினைச்சுப் பார்க்கிறேன். எது என்ன கலர்னு ஒண்ணைக்கூட என்னால உறுதியாச் சொல்ல முடியலை. எல்லாம் என் கைதான். ஆனா என்ன அடிச்சேன்னு எனக்குத் தெரியாது.

உன் மேல கோபம் இருக்கு. எவ்வளவுன்னு தெரியலை. இருபத்திரெண்டு வருஷம் என்னைக் குழந்தை மாதிரி வெச்சிருந்திருக்க. நான் ஊர் முழுக்க உன்னைக் கேலி பண்ணிட்டுத் திரிஞ்சேன், நீ பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்திருக்க. யாரை யார் கேலி பண்ணினதுன்னே புரியலை.

ஒண்ணு மட்டும் கேக்கணும். கல்யாணமான முதல் குளிருக்கு உனக்கு ஒரு சால்வை வாங்கிக் கொடுத்தேன். நீ பச்சை கேட்டே. கடை கடையா ஏறி நானே பொறுக்கினேன். நூல் நூலாப் பிரிஞ்சு போற வரைக்கும் போர்த்தினியே, அது என்ன கலர்?

இனிமே என்கிட்ட எதையும் மறைக்காதே. நல்லதோ கெட்டதோ, நேரா சொல்லிடு.

*

ஜூன் 2

ஏங்க,

செங்கல் கலர்.

நேரா சொல்லச் சொன்னீங்க, சொல்லிட்டேன். நீங்க அதைப் பிரிச்சு என் தோள்ல போட்டு, "பச்சை உனக்கு எடுப்பா இருக்கு"ன்னு சொன்னீங்க. யாராவது சால்வை நல்லா இருக்கேன்னா, "அவர் வாங்கிக் கொடுத்த பச்சைச் சால்வை"ம்பேன். கேட்டவங்க என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தாங்க. பக்கத்து வீட்டம்மா ஒரு தடவை, "உனக்குக் கண்ணு ஏதாவது…"ன்னு ஆரம்பிச்சாங்க. ஆமாம்னு சொல்லிட்டேன். நம்ம தெருவுல கலர் தெரியாத ஆள்னு பேரெடுத்தது நீங்க இல்லை, நான்.

குழந்தை மாதிரி வெச்சிருந்தேன்னு எழுதியிருக்கீங்க. அது உண்மைதான். ஆனா இன்னொண்ணும் இருக்கு. நான் கலந்த கலரை நீங்க அடிச்சு முடிச்சதும், எல்லாரும் உங்களைப் பார்த்து "பிரமாதம்"பாங்க. எனக்கு அது போதும்னுதான் நினைச்சிருந்தேன். போதலைன்னு அந்தம்மா மாடியிலதான் தெரிஞ்சுது.

நீங்க நேரா சொன்னதால நானும் ஒண்ணு சொல்லிடறேன். தங்கச்சி பின்ரூம். கலர் அப்படியே வெள்ளரிக்காய், துணியை ஒட்டி வெச்சா தெரியாது. ஆனா சுவர்! ரோலர் போட்ட இடமெல்லாம் வரி வரியா நிக்குது. மூலையில திட்டு, மேல சொட்டுச் சொட்டா வழிஞ்சு காய்ஞ்சிருக்கு. உங்க சகலையை வாயில்லாப் பூச்சின்னு சொன்னீங்களே. அந்தப் பூச்சி உள்ள வந்து பார்த்துட்டு, "அக்கா, மாடு நக்கின மாதிரி இருக்கு"ன்னுச்சு. மூணு தடவை அடிச்சும் இதே கதிதான். நீங்க ஒரே இழுப்புல எப்படி அடிக்கிறீங்கன்னு இத்தனை வருஷம் பக்கத்துலயே நின்னிருக்கேன், ஒண்ணுமே பார்க்கலை போலிருக்கு.

பதினஞ்சாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு. என்னால வர முடியும், தங்கச்சி ஊன்றுகோல் வெச்சு நடக்கிறா. ஆனா சும்மா வர மாட்டேன். அந்தம்மா முன்னாடி சொன்னதை அந்தம்மா முன்னாடியே மாத்திச் சொல்லணும். சிரிக்காம சொல்லணும். சொல்லிட்டேன்னு எழுதினா போதும், நான் யாரையும் விசாரிக்க மாட்டேன்.

*

ஜூன் 6

அடியே,

சொல்லிட்டேன்.

காலைல போனேன். அந்தம்மா தையல் மெஷின் முன்னாடி உக்கார்ந்திருந்தாங்க. நிமிர்ந்து பார்க்கலை. நான் நின்னுக்கிட்டே சொன்னேன். "அம்மா, எனக்குப் பச்சையும் ஆரஞ்சும் பிரியாது. பத்து நாள் முன்னாடி வரைக்கும் அது எனக்கே தெரியாது. இத்தனை நாள் கலர் பார்த்தது முழுக்க என் வீட்டுக்காரி. அன்னிக்கு நான் மாத்திச் சொல்லிட்டேன். அவ டப்பா கலக்குற ஆள் இல்லை. நான்தான் அவ கலந்ததை அடிக்கிற ஆள்." சிரிக்கலைடி. சிரிப்பு வர்ற மாதிரியும் இல்லை.

மறுபடியும் ஒரு "ஓ" வரும்னு பயந்துட்டு நின்னேன். அந்தம்மா தையல் டப்பாவுக்குள்ள கையை விட்டு ஒரு ஊசியை எடுத்துக் காட்டினாங்க, நூல் கோர்த்த ஊசி. "எனக்குக் கிட்டத்துப் பார்வை போயி ஆறு வருஷமாச்சு. எங்க வீட்டுக்காரர்தான் கோர்த்துக் கொடுப்பார். இந்த நாலு மாசமும் ஆஸ்பத்திரிக்கு ஊசியைத் தூக்கிட்டுப் போயி, பத்துப் பத்தா கோர்த்து வாங்கிட்டு வந்துதான் தைக்கிறேன். வாடிக்கைக்காரங்க யாருக்கும் தெரியாது"ன்னாங்க. அப்புறம், "அவங்க எப்ப வருவாங்க?"ன்னாங்க. உன்னைத்தான். "எழுதிக் கேக்கிறேம்மா"ன்னேன்.

ரெண்டு ரூமையும் மறுபடி வெள்ளையாக்கிட்டேன். மூணாவதுக்கும் வெள்ளை அடிச்சாச்சு. வெள்ளை ஒண்ணுதான் யாரையும் கேக்காம என்னால அடிக்க முடியுது. மூணு ரூமும் உனக்காக வெளுப்பா நிக்குது.

கோபம் போச்சான்னு கேக்காதே. காலைல போயிருக்கும், டீ குடிக்கும்போது திரும்ப வரும். நீ வந்தப்புறம் எது எதுக்குன்னு பேசிக்கலாம். சகலையோட வீட்டுப் பின்ரூமுக்கும் ஒரு நாள் வர்றேன்னு சொல்லு. மாடு நக்கினதைத் தேய்ச்சு எடுக்க ரெண்டு நாளாகும்.

ட்யூப் எல்லாத்துக்கும் மறுபடி நூல் கட்டிட்டேன். முடிச்சு போடலை. எதுக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியாதே. நூல் மட்டும் நானே பார்த்து எடுத்தேன். தையற்காரம்மா பெட்டியில இருந்து, யாரையும் ஒரு வார்த்தை கேக்காம, நல்ல பச்சையா, அந்தச் சால்வைக்குப் பிராயச்சித்தமா இருக்கட்டும்னு. ஒரு துண்டு இதோட வெச்சிருக்கேன், பாரு.

இப்படிக்கு,
நீ கலந்ததை அடிக்கிற ஆள்

*

ஜூன் 9

ஏங்க,

வியாழக்கிழமை மத்தியான பஸ்ல வர்றேன். ரோலரை ஊறப் போட்டுக் கழுவி வைங்க. அந்தம்மாகிட்ட திரைத்துணி இன்னொரு துண்டு கேட்டு வைங்க, இங்க இருந்ததைச் சுவர்ல ஒட்டி ஒட்டிப் பார்த்து அழுக்காக்கிட்டேன்.

நூல் வந்தது. பச்சை இல்லைங்க. செங்கல் கலர்.

அவிழ்க்காதீங்க, அப்படியே இருக்கட்டும். முடிச்சு நான் வந்து போட்டுக்கிறேன்.